எண்பத்தேழில் ஒரு பங்கு வேலி

பொம்மை ரயிலுக்கும் மாதிரி ரயிலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பொம்மை ரயில் ஓடினால் போதும். மாதிரி ரயிலோ ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் ஊடாக, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட பருவத்தில் ஓட வேண்டும். அமெரிக்காவில் இது வளர்ந்தவர்களின் பொழுதுபோக்காக வேரூன்றி 90 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1934-ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் ஆல் கால்ம்பாக் என்பவர் 'மாடல் ரெயில்ரோடர்' என்ற இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அதே நகரில் இத்துறை ஆர்வலர்களுக்கான தேசியச் சங்கமும் உருவாயிற்று. வீட்டின் நிலவறையில் மேசைகளையும் பலகைகளையும் நிறுத்தி, அவற்றின் மேல் மலையும் ஆறும் ஊரும் வயலும் எழுப்பி, நடுவே தண்டவாளம் ஓட்டுகிறார்கள். பெரும்பான்மையானவை 'எச்.ஓ.' எனப்படும் அளவில் அமைந்தவை. அசலில் ஓரடி என்பது அங்கே மூன்றரை மில்லிமீட்டர். அதாவது எண்பத்தேழில் ஒரு பங்கு.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது எஞ்சினையோ தண்டவாளத்தையோ அல்ல. அந்த நிலக்காட்சியின் ஓரத்தில், பார்வையாளர் கண்ணில் பட்டும் படாமலும் நிற்கும் பண்ணை வேலியை. எஞ்சினுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டில், எந்த எண்ணோடு அது வெளிவந்தது என்பதற்கெல்லாம் ஆவணங்கள் இருக்கின்றன. அதைச் செய்து விற்கும் நிறுவனங்களும் அவற்றைப் பார்த்தே செய்கின்றன. வேலிக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்த வேலி, எவ்வளவு உயரம், கம்பி எத்தனை இழை, அது யாரைத் தடுக்கிறது என்பதை மாதிரி செய்பவர் தாமே முடிவுசெய்ய வேண்டும். முடிவு தவறினால் காட்சியின் ஆண்டே பொய்யாகிவிடும். ஆணி எண்ணிக்கைகூடப் பிசகாத 1870-ஆம் ஆண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலி நின்றால், அது இராமாயண நாடகத்தில் கைக்கடிகாரம் கட்டிய அனுமன்தான்.

அமெரிக்கக் குடியேறிகளின் பழைய பண்ணை வேலி பாம்பு வேலி. வளைந்து வளைந்து செல்வதால் அந்தப் பெயர். மரத்தை நெடுவாக்கில் ஆப்பு வைத்துப் பிளந்து, பத்துப் பன்னிரண்டு அடி நீளக் கட்டைகளாக்கி, அவற்றின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோணலாய் அடுக்கிக்கொண்டே போவார்கள். குழி தோண்ட வேண்டாம், ஆணி வேண்டாம், கம்பி வேண்டாம். கோடரியும் ஆப்பும் தோள்வலிமையும் போதும். அடுக்கின் வளைவே அதைச் சாயாமல் காக்கும். மரமும் நிலமும் மிகுந்து, இரும்பும் ஆட்கூலியும் அரிதாயிருந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேலி இல்லை. 1860-ஆம் ஆண்டு மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டர் நகரில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்குள், ஆபிரகாம் லிங்கன் இளமையில் பிளந்தவை என்று சொல்லி இரண்டு வேலிக்கட்டைகளைத் தூக்கி வந்தார்கள். வழக்கறிஞர் லிங்கன் அன்று 'கட்டை பிளந்தவர்' ஆனார். அரசியல் கூட்டத்தில் வேலிக்கட்டை சின்னமாக முடிந்தது, அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டையின் கனத்தைத் தம் தோளில் அறிந்திருந்ததனால்தான்.

இதை எச்.ஓ. அளவில் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பதினோரடிக் கட்டை 38 மில்லிமீட்டர் ஆகிறது. ஒவ்வொரு வளைவும் முன்னோக்கி எட்டடி நகர்வதாகவும், எட்டுக் கட்டை உயரம் அடுக்குவதாகவும் கொண்டால், ஒரு மீட்டர் வேலிக்கு ஏறத்தாழ 285 கட்டைகள் வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய மரச் சட்டங்களை வெட்டி அடுக்குபவர்கள் உண்டு. ஆனால் அவை ரம்பத்தில் அறுத்தவை. நான்கு விளிம்பும் நேராக இருக்கும். அசல் கட்டை பிளந்தது. மரத்தின் நார் போன போக்கில் போனது. முக்கோணமாகவோ ஆப்பு வடிவிலோ இருக்கும், ஒன்றைப் போல் இன்னொன்று இராது. எனவே சிறிய கட்டையையும் அறுக்காமல் பிளப்பதே முறை என்று விவரமறிந்தவர்கள் கருதுகிறார்கள். மூங்கில் குச்சியையோ மெல்லிய மரத்துண்டையோ கத்தி முனையால் பிளந்தால் நார் தானாகவே அந்த ஒழுங்கின்மையைக் கொடுத்துவிடுகிறது. கருவி மாறினால் பொருளின் முகமும் மாறிவிடும் என்ற பழைய தச்சர் அறிவு, சுண்டுவிரல் நீளக் குச்சியிலும் செல்லுபடியாகிறது என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

கிழக்கு மலைப்பகுதிகளில் இந்தக் கட்டைகளுக்கு விரும்பப்பட்ட மரங்களில் ஒன்று அமெரிக்கச் செஸ்ட்நட். நேராகப் பிளக்கும், எளிதில் மக்காது. 1904-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குப் பூங்காவில் அம்மரத்தைத் தாக்கும் பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் அழிந்தன. மரம் போனது, வேலி நின்றது. 1950-ஆம் ஆண்டின் அப்பலாச்சியக் காட்சியொன்றை அமைப்பவர் மலைச்சரிவில் ஒரு செஸ்ட்நட் பெருமரத்தையும் நட முடியாது. ஆனால் அதே சரிவின் அடியில், செஸ்ட்நட் கட்டையாலான பழைய பாம்பு வேலியை வைக்கலாம், வைக்க வேண்டும். காட்டின் கடைசிச் சாட்சி வேலியில் இருக்கிறது.

பாம்பு வேலி யாரைத் தடுத்தது? இன்று நாம் வேலி என்றால் மாடு உள்ளே, உலகம் வெளியே என்று நினைக்கிறோம். 17-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் தொடங்கி, தென்மாநிலங்கள் முழுவதும் நீண்டகாலம் நிலவிய சட்டம் இதற்கு நேர்மாறானது. பயிர் வைத்தவர்தாம் பயிரைச் சுற்றி வேலி போட வேண்டும். மாடும் பன்றியும் எங்கும் மேயலாம். வேலியடைக்காத வயலில் பன்றி புகுந்தால் நட்டம் வயல்காரருடையது. 'வேலியே பயிரை மேய்ந்தது' என்று பழமொழி சொல்லும் நமக்கு, வேலி போடாதவன் மேய்ச்சலைப் பற்றி முறையிட உரிமையற்றவன் என்ற சட்டம் சற்று விசித்திரமாகவே படும். ஆனால் அதில் ஒரு நியாயம் உறைந்திருந்தது. ஒரு காணி நிலமும் இல்லாதவன்கூட இரண்டு பசுவும் நான்கு பன்றியும் வைத்துக்கொண்டு, பிறர் காட்டில் மேயவிட்டுப் பிழைக்க முடிந்தது.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த பின் இது மாறத் தொடங்கியது. போரின்போது இரு தரப்புப் படைகளும் வழியிலிருந்த வேலிக்கட்டைகளைக் குளிர்காயவும் சமைக்கவும் எரித்துத் தீர்த்திருந்தன. புதிதாய் வேலி அடைக்க மரமும் குறைவு, பணமும் குறைவு. நிலவுடைமையாளர்கள் சட்டத்தைப் புரட்டக் கோரினார்கள்: பயிரை ஏன் அடைக்க வேண்டும், கால்நடையை அடையுங்கள். ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் மாவட்டம் மாவட்டமாக வாக்கெடுப்பு நடந்தது. சொந்த நிலமில்லாத வெள்ளைக் குத்தகையாளரும், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பின மக்களும் இழந்தது மேய்ச்சலை மட்டுமல்ல. கூலிக்குப் போகாமல் வாழ முடியும் என்றிருந்த ஒரே வழியையும்தான். ஸ்டீவன் ஹான் என்ற வரலாற்றாசிரியர் 1983-இல் வெளியிட்ட நூலில் ஜார்ஜியாவின் மேட்டுநிலப் பகுதியில் நடந்த இந்தப் போராட்டத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பின்னாளில் எழுந்த உழவர் இயக்கத்தின் வேர்களுள் ஒன்றாக அவர் இதைக் காண்கிறார்.

மாதிரி செய்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. 1870-ஆம் ஆண்டின் தென்மாநிலக் காட்சியென்றால் சோளக்கொல்லையைச் சுற்றி வேலி இருக்கும். சாலையில் பன்றி திரியும். சட்டம் மாறிய பிறகான காட்சியென்றால் கொல்லை திறந்து கிடக்கும். பன்றி பட்டியில் இருக்கும். அதே கட்டை, அதே அடுக்கு, அதே பசை. உள்ளும் புறமும் மட்டும் இடம் மாறியிருக்கும். இந்த இடமாற்றத்தைக் காட்டிய மாதிரித் தளங்கள் அரிது. பெரும்பாலானவற்றில் வேலி ஓர் அழகிய கோடாக மட்டுமே ஓடுகிறது.

இனி மேற்கே நகர வேண்டும், ஏனெனில் ரயிலும் அங்கேதான் நகர்ந்தது. மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிய புல்வெளியில் மரமில்லை. 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது. அதை அடைக்கக் கட்டை கிடைக்கவில்லை. 1871-இல் வேளாண் துறை நாட்டின் வேலிகளைக் கணக்கெடுத்தபோது அவற்றின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 175 கோடி டாலர் என்று கண்டது. அன்றைய தேசியக் கடனோடு ஒப்பிடத்தக்க தொகை அது. வேலி போடும் செலவு நிலத்தின் விலையையே விஞ்சக்கூடிய இடங்களும் இருந்தன.

முதலில் உயிர்வேலியை முயன்றார்கள். ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரம் டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா பகுதிகளுக்கு உரியது. இல்லினாய் கல்லூரிப் பேராசிரியர் ஜோனதன் பால்ட்வின் டர்னர் 1840-களில் இதை வேலிக்கென்று பரப்பினார். நெருக்கமாக நட்டுக் கழித்துவிட்டால் சில ஆண்டுகளில் குதிரை தாண்டாத, காளை முட்டிச் சாய்க்காத, பன்றி நுழையாத வேலியாகிவிடும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சூழ்ந்து நிற்கும் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கான்சஸின் சில பகுதிகளில் வேறொரு வழி கண்டார்கள். மண்ணுக்கு அடியிலிருந்த சுண்ணாம்புக்கல் படுகையைப் பெயர்த்து வேலிக்காலாக நட்டார்கள். கொங்கு நாட்டில் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த தோட்டங்களைக் கண்டவர்கள் இதையும் உடனே அடையாளம் காண்பார்கள். அங்கும் இங்கும் காரணம் ஏறத்தாழ ஒன்றுதான்: கல் அருகில் இருந்தது, நல்ல மரம் இல்லை.

உயிர்வேலி வளர ஆண்டுகள் ஆகும். குடியேறியவனுக்கு அவ்வளவு பொறுமையில்லை. 1867-இல் ஒஹையோவைச் சேர்ந்த லூசியன் ஸ்மித், மறு ஆண்டில் மைக்கேல் கெல்லி எனப் பலர் முள் வைத்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். 1873-இல் இல்லினாயின் டிகால்ப் நகரக் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்ற உழவர், கூர்முனைகள் அடித்த மரச்சட்டம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அதைப் பார்த்து நின்ற மூவர் ஜோசப் கிளிடன், ஐசக் எல்வுட், ஜேக்கப் ஹைஷ். கிளிடன் வீட்டுக் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியைக் கொண்டு முட்களை வளைத்தார் என்பது பலராலும் சொல்லப்படும் செய்தி. அவருடைய உண்மையான நுட்பம் முள்ளில் இல்லை. இரண்டு கம்பிகளை முறுக்கி, முள் நகராமல் இடையில் பிடித்துக்கொள்ளச் செய்ததில் இருந்தது. 1874 நவம்பர் 24 அன்று காப்புரிமை கிடைத்தது. அந்த ஆண்டில் உற்பத்தியானது பத்தாயிரம் பவுண்டு முள்கம்பி. 1880-இல் எட்டுக் கோடிப் பவுண்டு. காப்புரிமை வழக்குகளோ 1892-இல் உச்ச நீதிமன்றம் கிளிடன் தரப்புக்குத் தீர்ப்பளிக்கும்வரை இழுத்தன. அந்த இறுதி வழக்கில் எதிர்த்தரப்பில் நின்ற நிறுவனத்தின் பெயர் 'பீட் எம் ஆல்'. எல்லோரையும் வீழ்த்துவோம் என்று பெயர் வைத்துக்கொண்டு வீழ்ந்த அந்த நிறுவனத்துக்காகச் சற்றே சிரித்துக்கொள்ளலாம்.

கம்பி விற்பனையில் நிலத்தின் அளவு நேரடியாகப் பதிந்திருக்கிறது. ஒரு சுருள் என்பது 80 ராடு நீளம். ராடு என்பது பதினாறரை அடி கொண்ட பழைய நில அளவை. கால்களையும் பல இடங்களில் ஒரு ராடு இடைவெளியில்தான் நட்டார்கள். 160 ஏக்கர் சதுரத்தின் ஒரு பக்கம் அரை மைல், அதாவது 160 ராடு. எனவே ஒரு பக்கத்துக்கு ஓரிழை இழுக்கச் சரியாக இரண்டு சுருள். அளவையும் அடைப்பும் இப்படிப் பிணைந்து கிடப்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சை நிலத்தில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்புக்கே வேலி என்றுதானே பெயர்! இந்த அரை மைல் எச்.ஓ. அளவில் ஒன்பது மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு முழுப் பண்ணையை அடக்கும் நிலவறை எந்த வீட்டிலும் இருக்க வாய்ப்பில்லை. அதனால் மாதிரித் தளத்தில் நாம் காண்பது எப்போதுமே பண்ணையின் ஒரு மூலை. எங்கோ தொடர்வதாக நம்பவைக்கும் வேலித் துண்டு.

முள்கம்பியைச் சிறிதாக்குவதில்தான் இக்கலையின் மிகச் சுவையான சிக்கல் வருகிறது. பண்ணைகளில் வழக்கமான முள்கம்பியின் ஓரிழை சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிப்பு. அதை 87-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.03 மில்லிமீட்டர். மனிதத் தலைமுடி பொதுவாக இதைவிடத் தடிமனானது. நான்கைந்து அங்குலத்துக்கு ஒன்றாக வரும் முட்கள் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில், கண்ணுக்கே தெரியாத துகள்களாக அமைய வேண்டும். அளவுக்கு உண்மையாக இருந்தால் வேலி மறைந்துபோகிறது. வேலி தெரிய வேண்டுமானால் அளவில் பொய் சொல்ல வேண்டும்.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வுகள் பல. சிலர் மெல்லிய செப்புக் கம்பியைக் கட்டுகிறார்கள். அது இறுக்கமாக நின்றாலும் சட்டைக் கை பட்டதும் வளைந்துவிடும், வளைந்தது நிமிராது. சிலர் ரப்பர் போல் நீளும் நுண்ணிழையைப் பயன்படுத்துகிறார்கள். கை பட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால் இன்று இதற்கு மதிப்பு அதிகம். வேறு சிலர் கம்பியே வைப்பதில்லை. வெறும் கால்களை மட்டும் வரிசையாக நட்டுவிடுகிறார்கள். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. பார்வையாளர் மாதிரி வேலியிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறார் என்று கொள்வோம். அசல் உலகில் அது 52 மீட்டர் தூரம். அத்தனை தொலைவில் புல்லின் பின்னணியில் கம்பி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கால்களின் வரிசையைப் பார்த்துத்தான் கம்பி இருப்பதாக அறிகிறோம். வானத்தை எதிரிட்ட மேட்டில் மட்டும் கோடுகள் தெரியும். ஆகவே தாழ்நிலத்தில் கம்பியை விட்டுவிட்டு, மேட்டில் மட்டும் இழுப்பதே கண்ணுக்கு நேர்மையான வழி என்பது எங்கள் தரப்பு. யதார்த்தவாத நாவலைப் பற்றி இலக்கிய வட்டங்களில் நாம் ஓயாது நடத்தும் விவாதத்தின் சிறு வடிவமாகவும் இது தோன்றக்கூடும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பி மேய்ச்சல் நிலத்தில் செய்தது சிறிய காரியமல்ல. டெக்சஸில் பெருநில உரிமையாளர்கள் தம் நிலத்தை மட்டுமின்றிப் பொது நிலத்தையும், நீர்நிலைகளையும், சில இடங்களில் சாலைகளையும்கூட அடைத்துக்கொண்டார்கள். 1883-இல் வறட்சி வந்தபோது, நிலமற்ற மாட்டுக்காரர்கள் இரவில் கூட்டமாகச் சென்று வேலிகளை வெட்டினார்கள். மறு ஆண்டு டெக்சஸ் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி வேலி வெட்டுவதைக் கடுங்குற்றமாக்கியது. அதே மூச்சில், சாலையை மறித்து வேலி போடுவோர் மூன்று மைலுக்கு ஒரு வாயில் விட வேண்டும் என்றும் விதித்தது. 1885-இல் கூட்டாட்சி அரசு பொது நிலத்தை அடைப்பதைத் தடைசெய்தது. 1886-87 குளிர்காலப் பனிப்புயல்களில் தெற்கு நோக்கி நகர்ந்த மாட்டுக் கூட்டங்கள் குறுக்கே கிடந்த நெடுவேலிகளில் மோதி நின்று குவியல் குவியலாக மடிந்தன. அதே குளிர்காலத்தில்தான், 1887-இல், பூர்வகுடிகளின் பொது நிலங்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பங்கிடும் டாவ்ஸ் சட்டம் வந்தது. வேலியில்லாத நிலம் யாருக்கும் உரியதல்ல என்ற எண்ணம் இதற்குள் சட்டத்தின் மொழியாகவே ஆகிவிட்டிருந்தது.

ரயில் நிறுவனங்கள் இந்தக் கதையில் வேடிக்கை பார்த்தவை அல்ல. எஞ்சினின் முன்னால் மாடுதள்ளும் முகப்பு வைத்ததே மாடுகள் பாதையில் திரிந்ததனால்தான். பாதையின் இருபுறமும் வேலியிட்டுப் பராமரிக்க வேண்டிய பொறுப்பைப் பல மாநிலங்கள் ரயில் நிறுவனத்தின் மேல் சுமத்தின. தவறினால் அடிபட்ட கால்நடைக்கு இழப்பீடு. மிசௌரியில் இரட்டிப்பு இழப்பீடு. அது அநியாயம் என்று மிசௌரி பசிபிக் நிறுவனம் உச்ச நீதிமன்றம்வரை சென்று 1885-இல் தோற்றது. ரயிலில் அடிபட்டுச் செத்த எந்த நோஞ்சான் மாடும் மறுநாள் உயர்சாதிக் கறவையாகிவிடும் என்று ரயில்காரர்கள் நொந்து சொல்வதுண்டு.

ஆக, மாதிரித் தளத்தில் தண்டவாளத்துக்கு இணையாக ஓடும் வேலி உழவருடையது அல்ல, பெரும்பாலும் ரயிலுடையது. அதைக் கவனித்துச் செய்தவரை இரண்டு அடையாளங்களால் அறியலாம். முதலாவது, கம்பி காலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. கால்நடை நிற்கும் பக்கத்தில்தான் கம்பியை அடிப்பார்கள். அப்போதுதான் மாடு சாய்ந்தால் கம்பி காலோடு அழுந்தும், பிடுங்கிக்கொண்டு வராது. இரண்டாவது, சாலை பாதையைக் கடக்கும் இடம். அங்கே வேலி நின்றுவிடுகிறது. மாடு சாலையிலிருந்து தண்டவாளத்துக்குத் திரும்பிவிடாதபடி, பாதையில் குழி வெட்டி இடைவெளி விட்ட சட்டங்களைப் பரப்பியிருப்பார்கள். மாடு கால் வைக்க அஞ்சும். அந்தச் சட்டங்களின் இருபுறமும் சாய்வான சிறு வேலி இறங்கி வந்து முட்டும். இந்த ஒரு சதுர அங்குலத்தைச் சரியாகச் செய்தவர், மற்றவற்றிலும் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்பலாம்.

ஆனால் தூரத்தில் எல்லோரும் பொய் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ரயில் நிலத்தின் அகலம் பல இடங்களில் நூறு அடி. எச்.ஓ. அளவில் 35 சென்டிமீட்டர். தளத்தின் பலகையோ 60 சென்டிமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. உள்ளபடி வேலி போட்டால் பலகையின் பாதிக்கு மேல் ரயில் நிறுவனத்துக்குப் போய்விடும். உழவருக்கு எஞ்சுவது 71 அடி நிலம். ஆகவே வேலியைத் தண்டவாளத்துக்கு நெருக்கமாக இழுத்து வைக்கிறார்கள். ரயில் நிறுவனங்கள் எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டன என்ற செய்தி இப்படி இடநெருக்கடியால், யாருடைய தீய எண்ணமும் இன்றி, காட்சியிலிருந்து வெளியேறிவிடுகிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் வேலிக்குப் பழுப்பு வண்ணம் பூசுவார்கள், மரம் என்றால் பழுப்பு என்ற எண்ணத்தில். வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் சாம்பல் நிறமாகிறது. மரத்தைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் சூரிய ஒளியில் சிதைந்து மழையில் கழுவப்பட்டு, வெளுத்த நார் மிஞ்சுகிறது. நீர்த்த கறுப்பு மையை ஆல்கஹாலில் கலந்து மரத்துக்கு ஊட்டினால் இந்தச் சாம்பல் வந்துவிடும். பழமையை இப்படிப் பூசிக் காட்டும் கலையைப் பரவலாக்கியவர்களுள் கலிபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் முதன்மையானவர். ரயில் மாதிரிகள் கடையிலிருந்து வந்த பளபளப்போடே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், துருவும் தூசியும் சாய்ந்த கூரையும் கொண்ட ஒரு மலைநாட்டை அவர் எழுப்பினார். 1973 ஜனவரியில் அவர் மறைந்தார். பத்தே நாட்களில் தீ விபத்தில் அந்தத் தளமும் பெரும்பகுதி அழிந்தது. புகைப்படங்களே மிஞ்சின.

ஆனால் வேலி சாய்ந்து கிடப்பது எப்போதும் அழகு ஆகிவிடாது. கடன் தீராத பண்ணையின் வேலிதான் சாயும். வெள்ளை வண்ணம் பூசிய நான்கு பலகை வேலி கென்டக்கியின் குதிரைப் பண்ணை முதலாளிக்கு உரியது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வேலிகளில் இந்தப் பலகை வேலி எளிதில் கிடைப்பதால், அதை வாங்கி அயோவாவின் சிறு உழவரின் பன்றிப் பட்டியைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். அவர் ஆயுள் முழுக்கப் பன்றி விற்றாலும் அந்தப் பலகைக்கும் வண்ணத்துக்கும் கட்டாது.

அமெரிக்க மாதிரித் தளங்களில் மிகுதியானவை நீராவி எஞ்சின் மறைந்து டீசல் வந்த 1940-50 ஆண்டுகளைத் தேர்கின்றன. அக்கால மத்திய மேற்கு மாநிலங்களில் பின்னல் கம்பி வலையும் அதன் மேல் ஓரிரு முள்கம்பி இழைகளும் பொது வழக்கு. மரக்கால்களுக்கு இடையில் இரும்புக் கால்கள் கலந்து வரும். பழைய தண்டவாளக் கட்டைகள் மூலைக்காலாகப் பயன்படும். வேலிக்கு இருபுறமும் ஓரடி ஈரடி அகலத்தில் கலப்பை எட்டாத கீற்று ஒன்று காடாக மண்டியிருக்கும். அதில் புதர், காட்டுத் திராட்சை, பறவைகள் எச்சமிட்டு முளைத்த மரக்கன்றுகள். வேலியைத் தத்ரூபமாக்குவது உண்மையில் இந்தக் கீற்றுதான் என்போம். மொட்டையாகப் புல்லில் குத்தி நிறுத்திய வேலி எவ்வளவு நுட்பமானதாயினும் நேற்று நட்டதாகவே தெரியும்.

1970-களில் இதுவும் போயிற்று. 1971 முதல் 1976 வரை வேளாண் அமைச்சராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலியோரம்வரை ஒரு கீற்றும் விடாமல் பயிரிடுமாறு உழவர்களைத் தூண்டினார். டிராக்டர்கள் பெருத்தன; திரும்ப இடம் வேண்டியிருந்தது. பன்றியும் மாடும் மேய்ச்சலை விட்டுக் கொட்டகைக்குள் போனதும் வேலியால் பயனில்லாமல் ஆயிற்று. இல்லினாயிலும் அயோவாவிலும் மைல் கணக்கில் வேலிகளைப் பிடுங்கி எரித்துச் சோளமும் சோயாவும் விதைத்தார்கள். டிகால்ப் நகரைச் சுற்றியுள்ள பல வயல்களும் இன்று திறந்தே கிடக்கின்றன.

எனவே 1985-ஆம் ஆண்டின் இல்லினாய்க் காட்சியை அமைக்க விரும்புபவர் வேலிக்கென்று வாங்கி வைத்த மரச் சட்டங்களையும் நுண்ணிழையையும் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில் நிறுவனம் கவனிக்காமல் விட்ட சில கால்கள் போதும். வயலின் மூலையில், டர்னர் காலத்து நடவில் தப்பி, கழிக்க ஆளின்றி முப்பது அடி வளர்ந்துவிட்ட ஓசேஜ் ஆரஞ்சு மரங்கள் இரண்டு மூன்று நிற்கலாம். அவற்றில் ஒன்றின் அடிமரத்தில், பட்டை வளர்ந்து விழுங்கிய முள்கம்பியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனிக்கு மட்டும் ஒரு தலைமுடி தேவைப்படும்.